பத்தொன்பது ஓடு குறைந்த கூரை

ஐம்பத்துநாலாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு மத்திகிரியில் ஆலங்கட்டி மழை பெய்தது. ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்பும் நேரம்தான். அரசுக் கால்நடைப் பண்ணையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் வைக்கோல் கொட்டகைக்குள் ஓடி நின்றுகொண்டு, எலுமிச்சங்காய் அளவில் விழுந்த கட்டிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். கெம்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் வீட்டில் இருந்தது புல் கூரை. அதில் கல் விழுந்தால் பொத்தென்று உட்கார்ந்து கரைந்து போகும். அவளுக்கு இருந்தது ஓட்டு வீடு.

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். புருஷன் எல்லப்பன் வாசலில் குந்தியிருந்தான். பண்ணையில் பொலிகாளைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆள். அந்தக் காளைகளுக்கு இருந்த கோபத்தில் கால்பங்குகூட அவனுக்குக் கிடையாது.

"என்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உள்ள கொஞ்சம் வெளிச்சமா இருக்குது."

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் அங்கங்கே வானம் தெரிந்தது. அடுப்பின் மேல் ஒரு ஓடு மூன்று துண்டாகக் கிடந்தது. கேழ்வரகுப் பானைக்குள் ஒரு கட்டி இன்னும் கரையாமல் உட்கார்ந்திருந்தது. கெம்பம்மா அதை எடுத்து வாசலில் வீசியெறிந்தாள். பிறகு கன்னடத்தில் வானத்தைத் திட்டினாள். அவள் திட்டுவது கன்னடத்தில், எண்ணுவது தெலுங்கில், புருஷனோடு பேசுவது தமிழில். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், எண்ணக் கற்றுக்கொண்டது பண்ணையில் வேலை பார்த்த தெலுங்கு மேஸ்திரி ஒருவரிடம், வாழ்க்கைப்பட்டது எல்லப்பனுக்கு.

வயது நாற்பத்தெட்டு. பதினெட்டு வருஷமாகப் புல் அறுக்கிறாள். கூலி இப்போது பத்தணா. பெண் ஒருத்தியை மத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கெம்பம்மாவின் ஆயுசில் சம்பாதித்தது என்று விரலை நீட்டிக் காட்டினால் அது இந்த வீடு ஒன்றுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்தில் பழைய குதிரை லாயம் ஒன்றை இடித்து ஓடுகளை ஏலம் போட்டார்கள். ஏலத்துக்கு வந்தவர்களில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். நிலபுலம் உள்ள நாராயணப்பன் அவளுக்கு எதிராகக் கேட்டார். அவள் விடவில்லை. ஓட்டை எடுத்த பிறகுதான், அதைத் தாங்குவதற்குச் சுவர் வேண்டுமே என்று வீடு கட்டினாள். மண்ணைக் குழைத்து மிதித்துச் சுவர் வைத்தது அவளும் எல்லப்பனும். நடுவில் முகடு, முகட்டுக்கு நேர் கீழே ஒரு குறுக்குச் சுவர். தெருப்பக்கம் ஒரு வீடு, சந்துப்பக்கம் ஒரு வீடு. தெருப்பக்கத்தை வாடகைக்கு விட்டு, சந்துப்பக்கம் தாங்கள் இருந்தார்கள். வாடகை மாதம் நாலு ரூபாய். முழங்கால் மடங்காமல் போகிற நாள் எப்படியும் வரும், அன்றைக்கு அந்த நாலு ரூபாய்தான் சோறு என்பது அவள் கணக்கு.

இந்தக் கணக்கெல்லாம் மண் சுவரின் மேல் நின்றது. மண் சுவர் பக்கத்தில் அடிக்கிற சாரலைத் தாங்கும். தலையில் தண்ணீர் இறங்கினால் தாங்காது. உள்ளுக்குள் ஊறி, ஒருநாள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். வைகாசி பிறந்தால் மேற்கே இடி இடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் கூரை மூடவேண்டும். மூடாவிட்டால் வீடு இல்லை.

குடக்கூலிக்கு இருந்த தீர்த்தகிரி, பண்ணையில் பால் அளவு எழுதுகிறவன். அன்று சாயந்திரமே தன் பக்கத்து ஓட்டைகளை எண்ணித் தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

"கெம்பம்மா, என் பக்கம் எழுபத்தாறு. பெருசு முப்பத்தொண்ணு, சின்னது நாப்பத்தஞ்சு."

"எண்ணினது போதும் சார். பாலா அது, எழுதி வைக்கிறதுக்கு?"

"கைக்குழந்தை இருக்கற வீடு. ஒரு மாசம் பாப்பேன். அதுக்கு மேல நான் வேற எடம் பாத்துக்கணும்."

"அவரு சொல்றதும் நியாயம்தான்," என்றான் எல்லப்பன்.

கெம்பம்மா புருஷனைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக அவன் யார் என்ன சொன்னாலும் நியாயம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரில் அவனுக்கு நல்ல பெயர்.

மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளையைக் கேட்டுவரச் சொல்லி அவனை அனுப்பினாள். கல் மழைக்கு சர்க்கார் ஏதாவது கொடுக்கிறதா என்று. மதியம் திரும்பி வந்தான்.

"பயிரு போனா எழுதுவாங்களாம். கூரை எரிஞ்சி போனாலும் எழுதுவாங்களாம். கல்லு விழுந்து ஓடு ஒடைஞ்சா எழுதறதுக்குக் காயிதத்துல எடம் இல்லயாம்."

"நீ என்னா சொன்ன?"

"யோசிச்சுப் பாத்தா, எடம் இல்லாம எங்க எழுதுவாரு?"

அவனோடு பேசிப் பயனில்லை என்று ஓடு வேய்கிற முனிவேலைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கூரை போட்டவன் அவன்தான். போட்டவனை விட்டு வேறு ஆளை ஏற்றினால், அக்கம்பக்கத்தில் ஓடு வேய்கிறவன் எவனும் அந்த வீட்டு ஏணியைத் தொடமாட்டான். அது அவர்களுக்குள் இருந்த கட்டு. அதனால் முனிவேல் நிதானமாக, பொழுது ஏறித்தான் வந்தான். மேலே ஏறி, நடந்து, இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.

"அக்கா, இது ரிப்பேரு இல்ல. இது எழவு."

"வாயக் கழுவு. எவ்ளோ ஆவும், சொல்லு."

"ஓட்டை தெரியறது நூத்தம்பது. விரிசல் விட்டது அதுக்கு மேல. இன்னிக்கு விரிசல், நாளைக்கு ஒழுகல். அல்லாத்தையும் எறக்கிட்டுப் புது ஓடு போட்டாதான் ஆவும்."

"ஒடைஞ்சத மட்டும் மாத்தேன்."

"இந்த ஓடு இப்ப வராதுக்கா. புது ஓடு இதவிட வெரக்கடை சின்னது. இதுங்கூட அது கோக்காது."

அவள் நம்பவில்லை. முழு ஓடு ஒன்றைக் கோணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஓசூருக்கு நடந்தாள். அங்கே ஓட்டுக் கடைக்காரர் புது ஓட்டை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அகலத்தில் ஒரு விரல் குறைவு, நீளத்திலும் ஒரு விரல் குறைவு. ஓடு ஒன்றுக்கு ஒரு விரல் என்றால், வரிசை முடியும்போது ஒரு முழத்துக்கு மேல் பிசகும். பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் இதன் மேடு உட்காராது.

"இந்த அச்சே இப்ப கெடையாதும்மா," என்றார் கடைக்காரர். பிறகு அவளுடைய ஓட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். 'டண்' என்று வெண்கலம் போல் ஒலித்தது. "பழைய சரக்கு கெட்டிதான். இன்னும் இருந்தா கொண்டாங்க, வாங்கிக்கறேன்."

"விக்கறதுக்கா நாலு மைலு சொமந்துகிட்டு வந்தேன்?" என்று அவள் ஓட்டைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டாள். போகும்போது இருந்ததைவிட வரும்போது அது கனமாக இருந்தது.

முனிவேல் போட்ட கணக்கு இது. புது ஓடு இரண்டு பக்கத்துக்கும் எண்ணூற்று அறுபது, நூற்று ஐம்பத்தைந்து ரூபாய். ஓடு சின்னதானதால் அதைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களையும் பிடுங்கி நெருக்கி அடிக்கவேண்டும். பழைய சட்டம் பிடுங்கினால் பிளக்கும், புதிது எண்பது ரூபாய். முகட்டு ஓடு இருபது. ஓடு ஏற்றிவர வண்டிச் சத்தம் பன்னிரண்டு. அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் நாற்பத்தைந்து. ஆகமொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

கெம்பம்மா அதைத் தன் வழக்கப்படி புல்லாக மாற்றிப் பார்த்தாள். ஐந்நூறு நாள் புல். ஒருநாளும் காய்ச்சல் வராமல், ஒரு பிடி கேழ்வரகும் வாங்காமல் அறுத்தால் ஒன்றரை வருஷம். கையில் இருந்தது எண்பத்துநாலு ரூபாய். வீடு மொத்தத்துக்கும் அன்றைக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. சுவரைவிட அதன் மேல் போடுகிற தொப்பிக்கு விலை அதிகம் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "புல்லு போட்டுடேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. புல் போட்டால் காலி செய்கிறேன் என்றான் தீர்த்தகிரி. "நாட்டு ஓடு போடேன், மலிவு" என்றார் வழியில் போனவர் ஒருவர். நாட்டு ஓட்டின் கனத்துக்குக் கைமரம் வளைந்துவிடும் என்றான் முனிவேல். எல்லப்பன் நாலு பேர் சொன்னதையும் ஒப்புக்கொண்டான். கெம்பம்மாவுக்குத் தலை கொதித்தது.

"அல்லாத்தையும் எறக்கு," என்றாள் முனிவேலிடம்.

"புது ஓடு வாங்கலயே?"

"எறக்குன்னா எறக்கு. எது நல்லது எது கெட்டதுன்னு என் கையில தெரியட்டும். நீ மேல நின்னுகிட்டு சொல்ற கணக்கெல்லாம் எனக்கு வேணாம்."

மூன்று நாள் பண்ணைக்குப் போகவில்லை. அந்த முப்பதணாவையும் செலவில் சேர்த்துக்கொண்டாள். சுவர்த் தலைகளின் மேல் கேழ்வரகுத் தாளைக் கனமாகப் பரப்பி, அதன் மேல் கோணியைப் போட்டுக் கல் வைத்தாள். கூரைக்கு ஓடு இல்லாவிட்டாலும் சுவருக்குத் தலைப்பாகை இருந்தது. தீர்த்தகிரியின் சம்சாரம் ருக்மணி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

சந்தில் உட்கார்ந்து கெம்பம்மா ஒவ்வொரு ஓடாக எடுத்தாள். ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு, மோதிரவிரல் கணுவால் ஒரு தட்டு. 'டண்' என்றால் வலது பக்கம். 'டொக்கு' என்றால் இடது பக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரிந்துவிடும். பார்வைக்கு முழுசாக, அழகாக இருக்கிற ஓடு டொக்கு என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஒரு வசவு கிளம்பியது. முதல் நூறில் நாற்பத்தெட்டுதான் தேறியது. இரண்டாம் நாள் விரல் வீங்கிவிட்டது. கல் ஒன்றை எடுத்துத் தட்டினாள். கல்லின் சத்தம் வேறாக இருந்ததால், தட்டிய இருபதை மறுபடியும் விரலாலேயே தட்டினாள்.

"கல்லால தட்டினதும் போதும்தானே?" என்றான் எல்லப்பன்.

"மழ வந்து உன் தலயில தட்டும், அப்ப கேளு."

மூன்றாம் நாள் எண்ணி முடித்தாள். இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் எழுநூற்று நாற்பத்தெட்டு ஓடு. அதில் நல்லது முந்நூற்று ஐம்பத்தைந்து. மீதி முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று, சந்தின் ஓரத்தில் இடுப்பளவு குவியலாகக் கிடந்தது.

அந்தக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். ஓடு இல்லாத கூரை, சட்டம் சட்டமாக, மாட்டு விலாவைப் போலத் தெரிந்தது. நடுவில் முகடு. முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு. இந்தச் சரிவின் ஓடும் அந்தச் சரிவின் ஓடும் எங்கேயும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. முகட்டு ஓடு இரண்டையும் மேலே மூடுகிறது, அவ்வளவுதான்.

"முனிவேலு! பழசயெல்லாம் ஒரு பக்கம் போடு. புதுசு ஒரு பக்கம் போடு."

முனிவேல் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "ஒரு வூட்டுக்கு ரெண்டு ஓடா? ஜிப்பாவுல ஒரு கை சில்க்கு, ஒரு கை கோணியா? ஊரு சிரிக்கும்க்கா."

"சிரிக்கறவங்க பாதி காசு குடுத்தா முழுசா சில்க்கே போடறேன். கோக்குமா கோக்காதா, அதச் சொல்லு."

அவன் மேலே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் அவன் முகத்தில் இருந்தது. தோன்றியிருந்தால் கூலியில் பாதி போயிருக்கும் என்பதும் இருந்தது. "கோக்கறதுக்கு என்னா? முகட்டுல சுண்ணாம்பு வெச்சுப் பூசினா நிக்கும்," என்றான் கடைசியில்.

பிளக்காமல் வந்த பழைய சட்டங்களையும் உடையாத முகட்டு ஓடுகளையும் திரும்பப் போடுவதாக வைத்ததில், புதுக் கணக்கு நூற்று இருபத்தாறுக்கு வந்தது. கையில் எண்பத்துநாலு. தீர்த்தகிரியிடம் போய்ப் பத்து மாத வாடகையை முன்கூட்டியே கேட்டாள்.

அவன் தாளையும் பென்சிலையும் எடுத்தான். "தரேன். ஆனா புது ஓடு என் பக்கம்."

"பழசுதான் கெட்டி சார். கடைக்காரரே சொன்னாரு."

"கெட்டின்னா நீங்களே வெச்சுக்குங்க. பத்து மாசக் காசு குடுத்துட்டு, கல்லடி பட்ட ஓட்டுக்குக் கீழ நான் எதுக்குப் படுக்கணும்?"

வாங்குகிற பணத்துக்கு வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. நாற்பது ரூபாய் வாங்கினாள். மீதி இரண்டு ரூபாய்க்கு மூக்குத்தியைக் கழற்றலாமா என்று யோசித்தபோது, முனிவேல் தன் கூலியில் அதை அறுவடைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஒரு பக்கம் மட்டும் புது ஓடு என்ற யோசனை தனக்கு வராமல் போனது அவன் மனசுக்குள் உறுத்தியிருக்கவேண்டும்.

புது ஓடு வண்டியில் வந்தது. தெருப்பக்கம் சட்டம் நெருக்கி அடித்து, பன்னிரண்டு வரிசை ஏறியது. பிறகு சந்துப்பக்கம். வரிசைக்கு முப்பத்துநாலு வீதம் பதினோரு வரிசை. முந்நூற்று எழுபத்துநாலு வேண்டும். கெம்பம்மாவிடம் இருந்தது முந்நூற்று ஐம்பத்தைந்து. தெலுங்கில் எண்ணினாள், கன்னடத்தில் எண்ணினாள், பத்தொன்பது குறைந்தது.

"டொக்கு சொன்னதுல பத்தொம்பதப் போட்டுடலாம்க்கா. யாருக்குத் தெரியும்?"

"மழைக்குத் தெரியும்."

அந்த அச்சு ஓடு ஊரில் வேறு எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை நினைக்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏலத்தில் எடுத்ததில் கூரை போட்டது போக எழுபது ஓடு மிஞ்சியது. ஏலத்தில் தோற்றுப்போன நாராயணப்பனுக்கே அதை ஓடு ஓரணா என்று விற்று, வண்டிச் சத்தத்தை எடுத்துவிட்டதாகத் தெரு முழுக்கப் பெருமை பேசினாள். கூரை போட்டவள் பத்து ஓடாவது மாற்றுக்கு எடுத்து வைக்கவேண்டும்; எல்லாரும் வைப்பார்கள். அன்றைய பெருமையில் அவள் வைக்கவில்லை. நாராயணப்பன் அந்த ஓட்டைப் புளியமரத்தடியில் கோழிக் கொட்டகைக்குப் போட்டார். மரம் தாங்கிக்கொண்டதால் கல் மழையில் அதில் ஒன்றும் உடையவில்லை.

அவரிடம் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் பண்ணையில் புல்லோடு பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது சந்தில் நாராயணப்பனின் வண்டி நின்றது. அவருடைய ஆளும் எல்லப்பனுமாகச் சேர்ந்து, உடைந்த ஓட்டுக் குவியலைக் கூடையில் அள்ளி வண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாய்யா இது?"

"நாராயணப்பண்ணன் அனுப்பினாரு. சந்துல குப்பையாக் கெடக்குதே, ஒனக்கு ஒத்தாசையா அள்ளிக்கிறேன்னாரு. நல்ல மனுசன்."

கெம்பம்மா வண்டியைப் பார்த்தாள். தன் வீட்டுக் குப்பைக்குக்கூட ஆள் அனுப்பாத மனுஷன், அடுத்தவள் குப்பைக்கு வண்டி அனுப்புவானா? அப்புறம் நினைவுக்கு வந்தது. நாராயணப்பன் மெத்தை வீடு கட்டுகிறார். மேல்தளத்தில் சுண்ணாம்போடு சேர்த்துக் கெட்டிக்க வேண்டியது ஓட்டுச் சில்லும் செங்கல் சில்லும்தான். இடித்துச் சலித்தால் ஒன்றரை வண்டி சில்லு இங்கே கிடக்கிறது.

"வண்டிய ஓட்டு," என்றாள் ஆளிடம். "நானும் கூட வரேன்."

நாராயணப்பன் கட்டுகிற வீட்டு முன்னால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குப் பின்னால் கெம்பம்மாவும் எல்லப்பனும் வருவதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"வாம்மா கெம்பம்மா. இதுக்குப் போய் நீ எதுக்கு நடந்து வர?"

"ஒத்தாசை பண்ணவங்களப் பாக்காம இருக்க முடியுமாண்ணா? எனக்குப் பத்தொம்பது ஓடு கொறையுது. கோழிக் கொட்டகையில இருந்து குடுத்தீங்கன்னா கல்லு மழைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் தாடையைச் சொறிந்தார். "குடுக்கலாம். ஓடு எட்டணா."

"எட்டணாவா? புது ஓடே மூணணா ஆவல! ஓரணாவுக்கு என்கிட்ட வாங்கின ஓடுண்ணா அது!"

"அப்ப அது மிச்சம். இப்ப அது கெடைக்காத சரக்கு. ஏலத்துல நீ மேல மேல ஏத்துனியே, அன்னிக்கு நான் ஏதாச்சும் சொன்னனா?"

பன்னிரண்டு வருஷமாக அதை அவர் மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. கெம்பம்மா வண்டிப் பக்கம் திரும்பினாள்.

"எறக்காதப்பா. திரும்ப என் சந்துக்கே ஓட்டிட்டுப் போயிடலாம்."

"அது குப்பைதானேம்மா?"

"குப்பைன்னா வண்டி எதுக்கு அனுப்பினீங்க? எனக்கும் அடுப்படித் தரை மோசமாத்தான் இருக்குது. இடிச்சுப் போட்டுக் கெட்டிச்சுக்கறேன். நீங்க செங்கல்லு வாங்கி ஒடைச்சுக்குங்க. ஒடைக்கற பொம்பளைக்கு நாளைக்குப் பத்தணா. ஒன்றரை வண்டி ஒடைக்க எத்தினி நாளு ஆவும்னு மேஸ்திரியக் கேளுங்க."

மேஸ்திரி சாரத்தின் மேலிருந்து கேட்காமலே பதில் சொன்னார்: "ரெண்டு ஆளு, பத்து நாளுங்க. செங்கல்லு வெல தனி."

நாராயணப்பன் மேஸ்திரியை முறைத்தார். "சரி, எடுத்துக்க. பத்தொம்பது ஓடு. ஒண்ணு கூடக் கெடையாது. என் ஆளு எடுத்துக் குடுப்பான்."

ஆள் எடுத்துக் கொடுத்ததை அங்கேயே மூலையைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள். டண், டண், டண். நாராயணப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினொன்றாவது டொக்கு. பதினாறாவது டொக்கு.

"இந்த ரெண்டயும் மாத்திக் குடுங்கண்ணா."

"பத்தொம்பதுன்னு பேசினோம். பத்தொம்பது குடுத்தாச்சு. சத்தம் பேசலயே."

கெம்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வண்டியின் மேல் ஏறி, இரண்டு கூடை சில்லை வாரித் தரையில் இறக்கினாள். "அப்ப நானும் வண்டின்னுதான் பேசினேன், நெறை வண்டின்னு பேசல," என்று சொல்லி, அந்த இரண்டு கூடையையும் எல்லப்பன் தலையில் ஒன்று, தன் தலையில் ஒன்றாக ஏற்றிக்கொண்டாள். பதினேழு ஓட்டை நாராயணப்பனின் வண்டியே கொண்டுவந்து இறக்கிவிட்டு, மிச்சச் சில்லை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஒரு கூடைச் சில்லைச் சுமந்துகொண்டு வீடு வரும்வரை எல்லப்பன், அவரும் விட்டுக்கொடுத்திருக்கலாம், நீயும் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். தலையில் கூடை இருந்ததால் அவளால் திரும்பி முறைக்க முடியவில்லை.

கடைசி இரண்டு ஓட்டுக்கு இடம் காலியாக நின்றது. முனிவேல் மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஓரத்தை மடித்து அந்த இடத்தில் செருகினான். அது அவள் சமைக்கிற இடத்துக்கு நேர் மேலே. தெருப்பக்கம் புது ஓடு சிவப்பாகப் பளபளத்தது. சந்துப்பக்கம் பன்னிரண்டு வருஷப் பாசியோடு கறுத்து, நடுவில் டின் மட்டும் வெள்ளையாக மின்னியது. சந்தில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கெம்பம்மா சுவர்த் தலையிலிருந்து கேழ்வரகுத் தாளை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.

வைகாசி பதினேழாம் தேதி மதியம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பண்ணையிலிருந்து அவள் பாதியிலேயே கிளம்பிவிட்டாள். மேஸ்திரி, "அரை நாள் கூலி பிடிப்பேன்" என்றபோது, "பிடிச்சுக்கோ" என்று திரும்பாமலே சொன்னாள். வீட்டுக்குள் நுழையவும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் டின்னில் நாலு அடி, அப்புறம் தடதடவென்று, பக்கத்தில் பேசினால் கேட்காத அளவுக்கு இரைச்சல். அவள் ஏணியைச் சுவரில் சாத்தி ஏறினாள். ஓடும் சுவரும் சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் தடவிக்கொண்டே போனாள். கையில் ஒட்டியது காய்ந்த புழுதிதான். குறுக்குச் சுவரின் தலையையும் தடவினாள். அங்கேயும் புழுதி.

இறங்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தீர்த்தகிரியின் குரல், டின்னின் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது.

"கெம்பம்மா! இங்க சொட்டுது! புது ஓடு சொட்டுது!"

அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு சுற்றிப் போய்ப் பார்த்தாள். புது ஓட்டின் வயிற்றில் வியர்வை போலத் தண்ணீர் கசிந்து, ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தரைக்கு நடுவில் சொட்டியது. ருக்மணி பிள்ளையைத் தொட்டிலோடு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"புது ஓடு அப்பிடித்தான் சார். நாலஞ்சு மழ குடிச்சாத்தான் அடங்கும். பழசுன்னா அதெல்லாம் எப்பவோ குடிச்சு முடிச்சிருக்கும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"பழசு கெட்டின்னு சொன்னேன். நீங்க எழுதிக்கல."

"அப்ப எடம் மாத்திக்கலாம். நாங்க சந்துப்பக்கம் வரோம்."

கெம்பம்மா அவனுடைய பெட்டியின் மேல் ஏறி நின்று, தெருப்பக்கச் சுவரின் தலையைக் கையால் தடவினாள். ஒரு மூலை. இன்னொரு மூலை. கதவுக்கு மேலே. இறங்கி, கையை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"பாருங்க, காஞ்ச மண்ணு. சொட்டறது நடு வூட்டுல. சொவத்து மேல ஒரு சொட்டு இல்ல. அதுக்கு ஒரு குண்டான எடுத்து வெய்யுங்க."

சொல்லிவிட்டு, மழை குறைவதற்குள் வெளிப்பக்கமும் பார்த்துவிட வேண்டும் என்று அவள் சுவரை ஒட்டியே சந்துப்பக்கம் நடந்தாள்.